எதில் முதலிடம்? விபத்துக் கணக்குகள் பற்றி வாசகர் கேள்வி–பதில்

சாலை விபத்துப் புள்ளிவிவரங்கள் பற்றிய கேள்விகளை ஒன்றாகத் தொகுத்து இந்த முறை பதில் சொல்கிறோம். வேறு குறிப்பு இல்லாத இடங்களில், இந்திய எண்கள் எல்லாம் மத்திய சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலைத் துறை அமைச்சகத்தின் 2022ஆம் ஆண்டு விபத்து அறிக்கையில் உள்ளவை.

கேள்வி: ‘சாலை விபத்தில் தமிழகம் முதலிடம்’ என்று வருடா வருடம் செய்தி வருகிறது. நம் ஓட்டுநர்கள் அவ்வளவு மோசமா?
– வாசகர், சேலம்

ஓட்டுநர்களைத் திட்டுவதற்கு முன்னால், எந்தப் பட்டியலில் முதலிடம் என்று பார்த்துவிடுவோம். 2022இல் தமிழ்நாட்டில் பதிவான விபத்துகள் 64,105. எண்ணிக்கையில் நாட்டிலேயே அதிகம் இதுதான். இறந்தவர்கள் 17,884 பேர். உத்தரப் பிரதேசத்தில் பதிவானவை 41,746 விபத்துகள். இறந்தவர்களோ 22,595 பேர். கேரளத்தில் 43,910 விபத்துகள், 4,317 சாவுகள். பீகாரில் 10,801 விபத்துகள், 8,898 சாவுகள்.

இப்போது சாவை விபத்தால் வகுத்துப் பாருங்கள். நூறு விபத்துக்குக் கேரளத்தில் 10 பேர், தமிழ்நாட்டில் 28 பேர், உ.பி.யில் 54 பேர், பீகாரில் 82 பேர் இறக்கிறார்கள். பீகாரில் நடக்கும் மோதல் ஒவ்வொன்றும் கேரளத்து மோதலைவிட எட்டு மடங்கு கொடூரமானது என்று யாராவது நம்புவார்களா? கை கால் முறிந்ததோடு முடிந்த விபத்துகள் அங்கே பெரும்பாலும் காவல் நிலையப் பதிவுக்கே வருவதில்லை. உயிர் போனால்தான் வழக்கு. ஆகவே விபத்து எண்ணிக்கைப் பட்டியலில் மேலே இருப்பதற்கு, ஒழுங்காக எழுதிவைப்பதும் ஒரு காரணம்.

நம்மூரில் ஒரு சின்ன விபத்து எப்படிக் கணக்கில் ஏறுகிறது என்று பாருங்கள். 108 வண்டி வருகிறது. அரசு மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில், பேச்சுவழக்கில் சொன்னால் ‘ஏ.ஆர்.’இல், பெயர் ஏறுகிறது. அங்கிருந்து காவல் நிலையத்துக்குத் தகவல் போகிறது. வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப் போட வேண்டுமானால் நடைமுறையில் முதல் தகவல் அறிக்கை தேவைப்படுவதால், காயம்பட்டவரின் குடும்பமும் வழக்குப் பதியச் சொல்லி நிற்கிறது. இதில் எந்தக் கண்ணி அறுந்தாலும் அந்த விபத்து புள்ளிவிவரத்தில் நடக்கவே இல்லை.

அப்படியென்றால் நாம் நல்ல பிள்ளைகளா? அதற்குள் மகிழ வேண்டாம். சாவை மறைப்பது காயத்தை மறைப்பதைவிடக் கடினம். அதனால் மாநிலங்களை ஒப்பிட, இறந்தவர் எண்ணிக்கையை மக்கள்தொகையால் வகுப்பதே நம்பகமான வழி. 2022க்கான மக்கள்தொகை மதிப்பீடுகளை வைத்துக் கணக்கிட்டால், ஒரு லட்சம் பேருக்குத் தமிழ்நாட்டில் சுமார் 23 சாவு. நாட்டின் சராசரி சுமார் 12, கேரளமும் கிட்டத்தட்ட அதேதான், உ.பி. பத்துக்குள். இந்தப் பட்டியலில் நம் நிலை உண்மையிலேயே மோசம். செய்தித்தாள் தவறான காரணத்தைக் காட்டி, ஓரளவு சரியான இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

அதிலும் ஒரு சிக்கல் உண்டு. நம் மாநிலத்தில் 3 கோடிக்கு மேல் வாகனங்கள் பதிவாகியிருக்கின்றன. வண்டி அதிகம், ஓட்டமும் அதிகம். வாகன எண்ணிக்கையால் வகுத்தால் பத்தாயிரம் வாகனத்துக்கு 6 சாவு என்ற அளவுக்கு இறங்கிவிடும். ஆனால் அந்த 3 கோடியில், காயலான் கடைக்குப் போய்ப் பல வருடம் ஆன வண்டிகளும் பதிவு ரத்தாகாமல் உட்கார்ந்திருக்கின்றன. வகுக்கும் எண் வீங்கினால் விகிதம் இளைக்கும். சரியான வகுக்கும் எண், வாகனங்கள் ஓடிய மொத்தக் கிலோமீட்டர். அதை மாநில வாரியாக நம்பத்தக்க முறையில் அளந்து வெளியிடும் வழக்கம் இங்கே இல்லை.

கேள்வி: 2022இல் விபத்துகள் ஒரே வருடத்தில் 12 சதவீதம் கூடிவிட்டதாகப் படித்தேன். திடீரென்று என்ன ஆனது?
– வாசகர், விழுப்புரம்

திடீரென்று எதுவும் ஆகவில்லை. 2021இல் ஊரடங்கு இருந்தது. ஒப்பிட்ட வருடமே பள்ளமான வருடம்.

2019, 2020 எண்கள் அந்தந்த ஆண்டு அறிக்கைகளில் முதலில் வெளியானவை. 2019இல் விபத்துகள் 4,49,002. 2020இல் 3,66,138. 2021இல் 4,12,432. 2022இல் 4,61,312. முந்தைய வருடத்தோடு ஒப்பிட்டால் 11.9 சதவீத ஏற்றம். ஊரடங்குக்கு முந்தைய 2019உடன் ஒப்பிட்டால் 2.7 சதவீதம் மட்டுமே. இதே வித்தையை எதிர்ப்பக்கமும் ஆடலாம். 2020இல் ‘விபத்து 18 சதவீதம் குறைந்தது’ என்று யார் வேண்டுமானாலும் பெருமை பேசியிருக்க முடியும்.

இதில் கவலைக்குரிய செய்தி வேறொன்று. 2019இல் இறந்தவர்கள் 1,51,113, 2022இல் 1,68,491. விபத்து 2.7 சதவீதம் கூடியபோது சாவு 11.5 சதவீதம் கூடியிருக்கிறது. இதைத் தலைப்பாகப் போட்ட பத்திரிகைகள் குறைவு. ‘மூன்று நிமிடத்துக்கு ஒரு சாவு’ என்ற தலைப்பு மட்டும் தவறாமல் வரும். வருடத்தின் நிமிடங்களை 1,68,491ஆல் வகுத்தால் அது சரிதான். ஆனால் மக்கள்தொகை பெரிதான எந்த நாட்டிலும் அந்த நிமிடம் சுருங்கத்தான் செய்யும். ஆபத்து கூடியதா குறைந்ததா என்று அதிலிருந்து எதுவும் தெரியாது.

கேள்வி: விபத்துச் சாவுகளில் 70 சதவீதத்துக்கு மேல் அதிவேகத்தால் என்கிறது அரசு. குடிபோதையால் இரண்டரை சதவீதம்தானாம். நம்பலாமா?
– லாரி உரிமையாளர், நாமக்கல்

எண்கள் சரி. 2022இல் இறந்தவர்களில் 71.2 சதவீதம் அதிவேகம், 2.5 சதவீதம் மது அல்லது போதைப்பொருள் என்று அறிக்கை சொல்கிறது. ‘காரணம்’ என்ற அந்தக் கட்டத்தை யார், எப்போது, எதை வைத்து நிரப்பினார்கள் என்பதுதான் கேள்வி.

முதல் தகவல் அறிக்கை எதையாவது எடுத்துப் படித்துப் பாருங்கள். ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து’ என்ற வரி அச்சில் வார்த்தது போல இருக்கும். காரணம் சட்டம். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 279ஆம் பிரிவும், 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 281ஆம் பிரிவும் கண்மூடித்தனமாக, கவனக்குறைவாக ஓட்டுவதைத்தான் குற்றம் என்கின்றன. அந்தச் சொற்கள் இல்லாவிட்டால் வழக்கு நிற்காது. சட்டத்துக்காக எழுதப்பட்ட வரி, புள்ளிவிவரப் படிவத்துக்குப் போகும்போது ‘அதிவேகம்’ என்ற கட்டத்தில் போய் விழுகிறது.

வேகத்தை உண்மையில் கண்டுபிடிக்க வழிகள் உண்டு. பிரேக் பிடித்த தடத்தின் நீளத்தை டேப் வைத்து அளந்து, சாலையின் உராய்வைச் சேர்த்துக் கணக்கிடலாம். காற்றுப்பை உள்ள கார்களில் அதன் கட்டுப்பாட்டுப் பெட்டியே மோதலுக்கு முந்தைய விநாடிகளின் வேகத்தைச் சேமித்திருக்கலாம். லாரியில் ஜிபிஎஸ் இருந்தால் அதன் பதிவு இருக்கும். சம்பவ இடத்தில் போக்குவரத்தைச் சரிசெய்யவே ஆள் போதாத நிலையில் இவற்றில் எதுவும் வழக்கமாக நடப்பதில்லை.

இன்னொன்று, படிவத்தில் ஒரு விபத்துக்கு ஒரு காரணம்தான் முன்னே நிற்கும். விளக்கில்லாத இடத்தில், சென்டர் மீடியன் இடைவெளியில், பின்புறம் ஒளிரும் பட்டை இல்லாத டிராக்டர் டிரெய்லர் மீது கார் மோதினால், அது ‘அதிவேகம்’. விளக்கும் இடைவெளியும் பட்டையும் கணக்கிலிருந்து மறைந்துவிடும். அவற்றுக்குப் பொறுப்பானவர்களுக்கு இது வசதி.

மது விஷயத்தில் கதை தலைகீழ். சட்ட வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். அதை நிரூபிக்க மூச்சுச் சோதனையோ ரத்த மாதிரியோ வேண்டும். ஓட்டுநர் தப்பி ஓடிவிட்டால், இறந்துவிட்டால், பல மணி நேரம் கழித்துச் சிக்கினால், மாதிரி எடுக்கவே இல்லையென்றால், எல்லாமே ‘மது இல்லை’ என்ற பக்கத்துக்குப் போய்விடும். சோதிக்காத ஒன்று கண்டுபிடிக்கப்படாமல் போவதில் ஆச்சரியம் இல்லை. அந்த 2.5ஐ ‘நிரூபிக்கப்பட்டது இவ்வளவு’ என்று படிப்பதே பொருத்தம். வேகம் ஆபத்து இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிறது. 60இல் மோதுவதைவிட 90இல் மோதுவது இரண்டேகால் மடங்கு. நாம் சந்தேகிப்பது அந்த 71.2ஐ மட்டும்.

கேள்வி: 67 சதவீத விபத்து நேரான சாலையிலாம். அப்போது வளைவுகளே பாதுகாப்பானவையா?
– வாசகர், கொடைக்கானல்

சாலைகளின் பெரும்பகுதி நேராக இருக்கிறது. அவ்வளவுதான். உங்கள் மலைப்பாதையில் கிலோமீட்டருக்கு எத்தனை விபத்து, கீழே சமவெளியில் எத்தனை என்று ஒப்பிட்டால்தான் வளைவைப் பற்றிப் பேச முடியும். முக்கால்வாசி விபத்து தெளிவான வானிலையில் நடக்கிறது என்பதும் இதே ரகம். நம் வருடத்தில் எத்தனை நாள் மழை பெய்கிறது?

தேசிய நெடுஞ்சாலைகள் பற்றிய கணக்கையும் இங்கேயே சொல்லிவிடலாம். ‘மொத்தச் சாலை நீளத்தில் சுமார் 2 சதவீதம், ஆனால் சாவில் 36.2 சதவீதம்’ என்று அடிக்கடி எழுதுவார்கள். கேட்டால் பதறும். ஆனால் நாட்டின் போக்குவரத்தில் 40 சதவீதம் அந்த 2 சதவீதத்தில் ஓடுகிறது என்பதும் அரசுத் தரப்பு பல காலமாகச் சொல்லிவரும் மதிப்பீடு. அது சரியென்றால், ஓடும் கிலோமீட்டருக்கு நெடுஞ்சாலையின் ஆபத்து மற்ற சாலைகளைவிட அதிகம் என்று இந்த எண்களை வைத்துச் சொல்லவே முடியாது.

கேள்வி: வீட்டுக்குப் பக்கத்தில்தான் விபத்து அதிகம் நடக்கும் என்கிறார்களே?
– இல்லத்தரசி, காரைக்குடி

வீட்டுக்குப் பக்கத்தில்தானே தினமும் ஓட்டுகிறோம்! எங்கே போனாலும் புறப்படுவதும் திரும்புவதும் அந்தத் தெருதான். வீடு மாறினால் விபத்தும் கூடவே மாறும்.

கேள்வி: என் நண்பர் ஒரு கணக்குக் காட்டினார். வெளிநாடு ஒன்றில் கார் விபத்தில் இறந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் சீட் பெல்ட் போட்டிருந்தார்களாம். பெல்ட்டால் பயனில்லை என்கிறார்.
– கல்லூரி மாணவர், மதுரை

அவர் எண்ணைச் சரியாகச் சொல்லி, தவறாக வகுத்திருக்கிறார். ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். கடும் மோதலில் சிக்கியவர்கள் 1,000 பேர். அந்த ஊரில் பெல்ட் பழக்கம் நன்றாக வேரூன்றியிருப்பதால் 900 பேர் போட்டிருக்கிறார்கள், 100 பேர் போடவில்லை. போட்டவர்களில் நூற்றுக்கு 5 பேரும், போடாதவர்களில் நூற்றுக்கு 10 பேரும் இறக்கிறார்கள் என்று வையுங்கள். பெல்ட் ஆபத்தைப் பாதியாக்குகிறது என்று நாமே முடிவு செய்துவிட்டுத்தான் கணக்கைத் தொடங்குகிறோம். இறந்தவர்கள் யார்? போட்டவர்கள் 45 பேர், போடாதவர்கள் 10 பேர். இறந்தவர்களில் 82 சதவீதம் பேர் பெல்ட் போட்டவர்கள்!

எத்தனை பேர் பெல்ட் போடுகிறார்களோ, அந்த அளவுக்கு இந்த எண் ஏறும். எல்லோரும் போட்டால் நூறு சதவீதம். நண்பரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இறந்தவர்களில் எத்தனை பேர் போட்டிருந்தார்கள் என்பதை விடுங்கள், போட்டவர்களில் எத்தனை பேர் இறந்தார்கள்? அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பான என்.எச்.டி.எஸ்.ஏ.வின் மதிப்பீட்டில், கார் முன்சீட்டில் இருப்பவரின் சாவு அபாயத்தை பெல்ட் 45 சதவீதம் குறைக்கிறது. இங்கே 2022இல் பெல்ட் போடாமல் இறந்தவர்கள் 16,715 பேர். அவர்களில் பாதிப் பேர், 8,331 பேர், ஓட்டுநர்கள்கூட இல்லை, பயணிகள். பின்சீட்டில் பெல்ட்டை இருக்கைக்கு அடியில் செருகி வைத்திருக்கும் வழக்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டெஸ்லா காரின் ஆட்டோபைலட் என்ற தானியங்கி ஓட்டும் வசதி, மனிதரைவிடப் பல மடங்கு பாதுகாப்பானது என்று அந்த நிறுவனமே புள்ளிவிவரம் வெளியிடுகிறது. அதில் என்ன தவறு காண முடியும்?
– மென்பொருள் பொறியாளர், கோயம்புத்தூர்

நிறையக் காணலாம். பாடப்புத்தகத்தில் வைக்கத் தக்க உதாரணம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

2018ஆம் ஆண்டின் மூன்றாம் காலாண்டில் அந்த நிறுவனம் சொன்னது: ஆட்டோபைலட் ஓட்டும்போது 33.4 லட்சம் மைலுக்கு ஒரு விபத்து, அதே நிறுவனக் கார்களை ஆட்டோபைலட் இல்லாமல் ஓட்டும்போது 19.2 லட்சம் மைலுக்கு ஒன்று, அமெரிக்கச் சராசரி 4.92 லட்சம் மைலுக்கு ஒன்று. முதலாவதைக் கடைசியால் வகுத்தால் ஏறக்குறைய 7 மடங்கு. விளம்பரத்துக்கு அது போதும்.

முதல் ஓட்டை, சாலை. அன்றைய ஆட்டோபைலட் பெரும்பாலும் விரைவுச்சாலைகளில் பயன்பட்டது. சிக்னலும் குறுக்குச் சாலையும் நடந்து போகிறவரும் இல்லாத அங்கே மனிதர் ஓட்டினாலும் மைலுக்கு மோதல் குறைவு. அமெரிக்கச் சராசரியிலோ ஊருக்குள் நடக்கும் எல்லாமும் அடக்கம். இரண்டாவது, விபத்து என்றால் என்ன என்பதே இரு பக்கமும் வேறு. தேசியக் கணக்கில் காவல் துறைக்குப் போன சின்ன உரசலும் விபத்து. நிறுவனம் பின்னர் விளக்கிய முறைப்படி அதன் கணக்கில் ஏறுவது, காற்றுப்பை அல்லது அதுபோன்ற பாதுகாப்பு அமைப்பு விரியும் அளவுக்கு நடந்த மோதல். பம்பர் நசுங்கியதெல்லாம் ஒரு தட்டில் இருக்கிறது, மறு தட்டில் இல்லை. மூன்றாவது, வண்டியின் வயது. அமெரிக்கச் சாலையில் ஓடும் கார்களின் சராசரி வயது 11 ஆண்டுக்கு மேல். இவை புதுக் கார்கள், தானியங்கி அவசர பிரேக் உட்பட எல்லாம் உள்ளவை. நான்காவது, உடைமையாளர். விலையுயர்ந்த கார் வாங்குகிறவர் பதினெட்டு வயதுப் பையன் இல்லை.

நியாயமாகப் பார்த்தால் ஒப்பிடத் தக்கது அந்த முதல் இரண்டு எண்கள் மட்டுமே. அங்கே 7 மடங்கு ஒன்றே முக்கால் மடங்காகச் சுருங்குகிறது. சாலை வகையைச் சரிசெய்தால் அதிலும் எவ்வளவு மிஞ்சும் என்பதை, நிறுவனம் தன்னிடம் உள்ள தரவை முழுதாகத் திறந்து காட்டினால்தான் சொல்ல முடியும்.

இதற்கு முன்னோடியாக 2016 மே மாதம் ஃபுளோரிடாவில் ஆட்டோபைலட்டில் ஓடிய கார் ஒரு லாரி டிரெய்லரில் மோதி ஓட்டுநர் இறந்தார். ‘13 கோடி மைலுக்குப் பிறகு இதுவே முதல் சாவு, அமெரிக்கச் சராசரியோ 9.4 கோடி மைலுக்கு ஒன்று’ என்றது நிறுவனம். ஒரே ஒரு நிகழ்வை வைத்து விகிதம் சொல்வது எவ்வளவு ஆட்டம் காணும் என்று பாருங்கள்: ஒரு சாவு மட்டும் பதிவான நிலையில், 95 சதவீத நம்பிக்கை எல்லையில் உண்மை விகிதம் 2.3 கோடி மைலுக்கு ஒன்று முதல் 500 கோடி மைலுக்கு ஒன்று வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். அடுத்த நாளே இன்னொரு சாவு நேர்ந்திருந்தால் 13 கோடி ஆறரைக் கோடியாகியிருக்கும். அமெரிக்கச் சராசரியிலோ பைக் ஓட்டியவரும் நடந்து போனவரும் பழைய லாரியும் சேர்த்தி. அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனம் அதே ஆண்டு ஒரு கணக்கு போட்டது: தானியங்கிக் கார் மனிதருக்கு நிகராகச் சாவைத் தவிர்க்கிறது என்று 95 சதவீத உறுதியோடு சொல்ல, ஒரு சாவுகூட இல்லாமல் 27.5 கோடி மைல் ஓட வேண்டும். நூறு கார்கள் இரவு பகல் ஓயாமல் மணிக்கு 25 மைல் வேகத்தில் ஓடினால் பன்னிரண்டரை வருடம்.

அரசு அமைப்பும் இதில் சறுக்கியது. காரைத் தடத்துக்குள்ளேயே வைத்து ஓட்டும் ஆட்டோபைலட் வசதி வந்த பிறகு விபத்து 40 சதவீதம் குறைந்ததாக 2017 ஜனவரியில் என்.எச்.டி.எஸ்.ஏ. எழுதியது. அடித்தளத் தரவை அந்நாட்டின் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்டு, வழக்குப் போட்டு வாங்கிய ஒரு தனியார் ஆய்வு நிறுவனம் 2019இல் அதைப் பிரித்துப் பார்த்தது. 43,781 கார்களில், வசதிக்கு முன்னும் பின்னும் ஓடிய தூரம் முழுதாகத் தெரிந்தவை 5,714 மட்டுமே. மற்றவற்றில் பலவற்றுக்கு, ‘முன்’ ஓடிய தூரம் விடுபட்டிருந்த இடத்தில் பூஜ்யம் போல எண்ணப்பட்டிருந்தது. தூரம் பூஜ்யம், ஆனால் விபத்து மட்டும் கணக்கில்! பழைய விகிதம் தானாக வீங்கி, புதியது இளைத்தது போலத் தெரிந்தது. முழுத் தரவுள்ள அந்த 5,714 கார்களில் விபத்து விகிதம் 59 சதவீதம் கூடியிருந்தது. இந்த 59ஐயும் தூக்கிப் பிடிக்க வேண்டாம். அதுவும் சிறிய, தற்செயலாக அமைந்த ஒரு பகுதி. 40 என்ற எண்ணுக்கு ஆதாரம் இல்லை என்பது வரைதான் அது காட்டுகிறது.

கேள்வி: 94 சதவீத விபத்துக்கு மனிதத் தவறுதான் காரணம் என்று அடிக்கடி மேற்கோள் காட்டுகிறார்களே?
– வாகன ஆய்வில் ஆர்வமுள்ள வாசகர், திருச்சி

அது 2015இல் என்.எச்.டி.எஸ்.ஏ. வெளியிட்ட இரண்டு பக்கச் சுருக்கத்தில் இருந்து கிளம்பியது. 2005 முதல் 2007 வரை நேரில் ஆராய்ந்த 5,470 விபத்துகளில், மோதலுக்கு முந்தைய சங்கிலியின் கடைசிக் கண்ணி எது என்று பார்த்தார்கள். 94 சதவீதத்தில் அது ஓட்டுநர். இதை விபத்தின் காரணமாகவோ குற்றம் யாருடையது என்பதாகவோ கொள்ளக் கூடாது என்று அந்த அறிக்கையே எச்சரிக்கிறது. எச்சரிக்கையைக் கழற்றிவிட்டு எண் மட்டும் உலகம் சுற்றியது. ‘ஓட்டுநரை நீக்கினால் 94 சதவீத விபத்து போய்விடும்’ என்று தானியங்கிக் கார் விற்கிறவர்களும், ‘சாலையில் கோளாறே இல்லை’ என்று சாலை போடுகிறவர்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் தலைவர் ஜெனிஃபர் ஹோமண்டி இதை வெளிப்படையாகக் கண்டித்த பிறகு, 2022 தொடக்கத்தில் அமெரிக்கப் போக்குவரத்துத் துறை தன் இணையப் பக்கத்திலிருந்து அந்த எண்ணை எடுத்தது. இங்கே கருத்தரங்குகளில் இன்னும் ஓடுகிறது.

கேள்வி: எங்கள் ஊர் கூட்டுரோட்டில் வேகத்தடை போட்ட பிறகு விபத்து 9இல் இருந்து 5ஆகக் குறைந்ததாகப் பலகை வைத்திருக்கிறார்கள். பாராட்டலாமா?
– வாசகர், திண்டிவனம்

வேகத்தடை நல்லது செய்திருக்கலாம். ஆனால் பலகை அதை நிரூபிக்கவில்லை.

ஒரே மாதிரியான 100 கூட்டுரோடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் மூன்று வருடத்துக்குச் சராசரியாக 5 விபத்து என்பதே உண்மை நிலை என்று வைப்போம். தற்செயல் காரணமாகவே சிலவற்றில் 2, சிலவற்றில் 8 என்று ஏறி இறங்கும். அந்த நூறில் சுமார் 7 இடங்களில் 9 அல்லது அதற்கு மேல் விழும். அதிகாரிகள் கண்ணில் படுவது அந்த ஏழு இடங்கள்தான். அங்கே வேகத்தடை வைத்தாலும் சரி, வெறும் எலுமிச்சம்பழம் கட்டினாலும் சரி, அடுத்த மூன்று வருடத்தில் சராசரி மறுபடி 5ஐ ஒட்டியே வரும். நெடுஞ்சாலைத் துறையில் பரவலாகப் பின்பற்றப்படும் ‘கரும்புள்ளி’ வரையறையும் இப்படித்தான் தேர்ந்தெடுக்கிறது: சுமார் 500 மீட்டருக்குள், மூன்று வருடத்தில், சாவு அல்லது கடும் காயம் உள்ள 5 விபத்து, அல்லது 10 சாவு. உச்சத்தில் இருப்பதைப் பிடித்தால் அது இறங்கவே செய்யும்.

மாற்றம் உண்மையா என்று கையடக்கமாகப் பார்க்க ஒரு வழி. இரண்டு எண்களையும் கூட்டுங்கள், வர்க்கமூலம் எடுங்கள், இரண்டால் பெருக்குங்கள். வித்தியாசம் அதைவிடப் பெரிதாக இருந்தால்தான் பேசலாம். உங்கள் பலகையில் 9+5=14; வர்க்கமூலம் 3.7, இரு மடங்கு 7.5. வித்தியாசம் வெறும் 4. அதே 90இல் இருந்து 50 என்றால் இரு மடங்கு 23.7, வித்தியாசம் 40. அப்போது மாலை போடலாம். அப்போதும், வேகத்தடை போடாத பக்கத்து ஊர் கூட்டுரோட்டில் அதே காலத்தில் என்ன நடந்தது என்று கேட்டுவிட்டுப் போடுங்கள்.

கேள்வி: அரசு சொல்லும் சாவு எண்ணிக்கைக்கும் உலக சுகாதார நிறுவனம் சொல்வதற்கும் ஏன் இவ்வளவு இடைவெளி?
– செவிலியர், தஞ்சாவூர்

2016க்கு இந்தியா கொடுத்த எண் 1,50,785. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு ஏறக்குறைய 2.99 லட்சம். முன்னது காவல் துறை எண்ணியது, பின்னது கணிதமுறை மூலம் மதிப்பிட்டது. இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

விபத்து நடந்து 30 நாளுக்குள் இறந்தால் விபத்துச் சாவு என்பது சர்வதேச வழக்கம். நடைமுறையில் காயம் என்று பதிவான வழக்கில், பத்து நாள் கழித்து மருத்துவமனையில் இறந்தவருக்கு வழக்குப் பிரிவு மாற்றம் செய்து மேலே அனுப்ப வேண்டும். அந்தத் தகவல் போய்ச் சேராத இடங்களில் அவர் கணக்கில் காயம்பட்டவராகவே உயிரோடு இருப்பார். தனியாகப் பள்ளத்தில் விழுந்து இறந்த பைக்காரர்கள், வழக்கே வேண்டாம் என்று எடுத்துச் செல்லப்பட்டவர்கள் தனி. உங்கள் வார்டில் இறந்தவருக்கு எழுதும் மரணக் காரணச் சான்றில் ‘தலைக்காயம்’ என்று மட்டும் இல்லாமல் ‘சாலை விபத்தில் ஏற்பட்ட தலைக்காயம்’ என்று இருக்கிறதா என மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள். அந்த மூன்று சொல் இல்லாவிட்டால் பிறப்பு இறப்புப் பதிவிலும் அது விபத்தாக ஏறாது.

கேள்வி: எந்தக் கார் மாடல் அதிகம் விபத்தில் சிக்குகிறது? ஐந்து நட்சத்திரம் வாங்கிய கார் என்றால் விபத்து குறைவா?
– வாசகர், தூத்துக்குடி

அதிகம் விற்ற மாடல்தான் விபத்துப் படங்களிலும் அதிகம் தெரியும். நட்சத்திரம், மோதினால் உள்ளே இருப்பவருக்கு என்ன ஆகும் என்பதைச் சொல்கிறது. மோதும் வாய்ப்பைப் பற்றிப் பெரிதாக எதுவும் சொல்வதில்லை. இன்சூரன்ஸ் கணக்கிலும் ஒரு வழுக்கல் உண்டு: கிளெய்ம் போடாதவருக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ் 20இல் தொடங்கி 50 சதவீதம் வரை ஏறுவதால், நாலாயிரம் ரூபாய் கீறலுக்கு யாரும் கிளெய்ம் போடுவதில்லை. பழைய வாடிக்கையாளர்கள் ‘விபத்தே இல்லாதவர்கள்’ போலத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். அமெரிக்காவில் எச்.எல்.டி.ஐ. என்ற அமைப்பு, காப்பீட்டு இழப்புகளைக் காப்பீடு செய்த வாகன ஆண்டுகளால் வகுத்து, சராசரியை 100 என்று வைத்து மாடல் வாரியாக வெளியிடுகிறது. அதிலும்கூட ஸ்போர்ட்ஸ் கார் மேலே நிற்பதற்குக் காரணம் காரா, அதை வாங்கும் ஆளா என்று பிரிக்க முடியாது.

கேள்வி: எங்கள் பகுதி சந்திப்பின் உண்மையான விபத்துக் கணக்கை நாங்களே எடுக்க முடியுமா?
– குடியிருப்போர் நலச் சங்கம், தாம்பரம்

முடியும். மாவட்டக் கண்காணிப்பாளர் அல்லது காவல் ஆணையர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு, தகவல் பெறும் உரிமைச் சட்டம் பிரிவு 6(1)இன் கீழ் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மனு அனுப்புங்கள். 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

‘இங்கே ஏன் விபத்து நடக்கிறது?’ என்று கேட்டால் நிராகரிப்பார்கள். கருத்துக் கேட்கச் சட்டத்தில் இடமில்லை. ஆவணத்தில் உள்ளதை மட்டும் கேளுங்கள். இடத்தைத் துல்லியமாகக் குறியுங்கள்: சாலைப் பெயர், கிலோமீட்டர் கல், இரு பக்கமும் 250 மீட்டர். மூன்று வருடம் போதாது, ஐந்து வருடம் கேளுங்கள். ஒவ்வொரு வழக்குக்கும் குற்ற எண், நாள், நேரம், சட்டப் பிரிவு, பிரிவு மாற்றப்பட்டிருந்தால் மாற்றிய பிரிவு, வாகன வகைகள், இறந்தவர், கடும் காயம், லேசான காயம். மாற்றிய பிரிவைக் கேட்காமல் விட்டால், தாமதமாக நேர்ந்த சாவுகள் கையைவிட்டுப் போகும். சந்திப்பு இரண்டு காவல் நிலையங்களின் எல்லையில் இருந்தால் இரண்டின் விவரமும் கேட்டாக வேண்டும். பாதிக் கணக்கோடு ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான். சம்பவ இடத்திலேயே கைபேசிச் செயலியில் ஜிபிஎஸ் புள்ளியோடு பதியும் ஐராட் தரவுத்தளம் இப்போது நடைமுறையில் இருப்பதால், அதில் உள்ள இடக்குறியையும் சேர்த்துக் கேட்கலாம். முதல் தகவல் அறிக்கையில் ‘பெட்ரோல் பங்க் அருகில்’ என்று மட்டும் எழுதிய விபத்துகளை இடம் பிரிக்க அது உதவும்.

பதில் வந்ததும் சாவு, கடும் காயம் இரண்டை மட்டும் முதலில் தனியே எடுங்கள். லேசான காயக் கணக்கு, பதியும் பழக்கத்தைப் பொறுத்து ஆடும். ஒரு வெள்ளைத்தாளில் சந்திப்பின் படம் வரைந்து, ஒவ்வொரு விபத்துக்கும் வாகனம் வந்த திசையை அம்புக்குறியாகப் போடுங்கள். பத்துப் பதினைந்து அம்புகளில் ஆறு ஏழு ஒரே திருப்பத்தில் குவிந்தால், அந்தத் திருப்பத்துக்கு மாலை 6 முதல் 9 வரை ஒரு வாரநாளில் போய் உட்கார்ந்து, எத்தனை வண்டி திரும்புகிறது என்று எண்ணுங்கள். உங்கள் வகுக்கும் எண் அதுதான். அதையும் படத்தையும் சேர்த்து, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு, கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே மனுவாகக் கொடுத்து, ஒப்புகை ரசீது வாங்கிவிடுங்கள்.